நோயாளி வேடம்

பெல் அடித்தால் நாடகம் முடிந்துவிடுமா என்று எங்கள் நாடக டீச்சர் கேட்டபோது, முடிந்துவிடும் என்றுதான் வகுப்பில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை கடைசி மணி நாடகத்துக்கு. பெல் அடித்ததும் ராஜாவாக நின்றவள் கிரீடத்தைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். செத்துக் கிடந்த மந்திரி எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடுவாள்.

டீச்சர் அந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிறவர் என்பதால் அவர் திட்டினால்கூட ஒரு ராகம் இருக்கும். "நாலு சுவத்துக்குள்ள நடிச்சு நடிச்சு நீங்க ஒருத்தியப் பாத்து ஒருத்திதான் நடிக்கிய. வெளிய போயி மனுசங்களப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, தலைமையாசிரியையிடம் போராடி அனுமதி வாங்கி, சனிக்கிழமைகளில் எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

முதலில் பேருந்து நிலையம். ஆளுக்கு ஒருவரைப் பார்க்க வேண்டும், பார்ப்பது தெரியக்கூடாது. எனக்குக் கிடைத்தவர் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்த பெரியவர். நாகர்கோவில் பஸ் வரும்போதெல்லாம் எழுந்து படிக்கட்டு வரை போவார். பிறகு திரும்பி வந்து அதே இடத்தில் உட்காருவார். அடுத்த வகுப்பில் அதை நடித்துக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். "அவர் ஏன் ஏறல?" என்று டீச்சர் கேட்டார். "சீட்டு இருந்திருக்காது டீச்சர்" என்றேன். டீச்சர் சிரித்துக்கொண்டே அடுத்தவளைக் கூப்பிட்டார்.

பிறகு மீன் சந்தை. பேரம் பேசிக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் பின்னாலேயே போய், அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தலையைச் சாய்க்கும் விதத்தைப் பழகிக்கொண்டிருந்தேன். அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, சாளை வேணும்னா வாங்கு. என்னைய எதுக்கு வாங்குத?" என்றார். மீன்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி ஒன்றுக்குப் போய், ஒரு நாடகம் முழுவதையும் குரலாலேயே நடித்தோம். நான் கிழவன். முடிந்ததும் முன்வரிசையிலிருந்த ஒரு சின்னப் பையன், "கிழவன் இத்தன படி ஏறுதான், மூச்சே வாங்கல. அது கிழவன் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலம், நானும் அக்காவும் தங்கியிருந்த மாமா வீட்டு மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கி மூச்சு வாங்கப் பழகினேன். கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். "வீசிங் வந்திருக்கா?" என்றாள். இல்லை என்றேன். "அப்பம் பைய ஏறு. அத்தை படுத்திருக்காங்க" என்றாள். என் நடிப்பைப் பற்றி அதுவரை அவள் சொன்ன கருத்து அது ஒன்றுதான்.

எங்கள் அம்மாவும் அப்பாவும் மாஞ்சோலை மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். இப்போது அங்கே தொழிலாளிகள் யாரும் இல்லை. அவர்கள் இருவரும் அக்காவோடுதான் இருக்கிறார்கள். அன்றைக்கோ பிள்ளைகள் கீழே இறங்கிப் படித்தால்தான் உருப்படுவார்கள் என்று அப்பா முடிவு கட்டி, பாளையங்கோட்டையில் அம்மாவின் அண்ணன் வீட்டுப் பின்பக்க அறையில் எங்களைக் கொண்டுவந்து விட்டார். அக்காவுக்குப் பதினாறு வயது, ப்ளஸ் ஒன் சேர்ந்தாள். நான் ஆறாம் வகுப்பு. மாமாவும் அத்தையும் நல்லவர்கள்தான். ஆனாலும் என் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் முதல் நாளே அக்கா எடுத்துக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் பஸ் ஏறிப் போனபோது நான் தெருவில் நின்று அழுதேன். அக்கா அழவில்லை. பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கிவிட்டு, "அழுதா பஸ் திரும்பி வருமா? மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றாள்.

அதே குரலில்தான் தொடர்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சாப்பிடு, படி, நகத்தை வெட்டு, ரோட்டில் ஓடாதே. ப்ளஸ் டூ முடித்து நர்சிங் கல்லூரியில் சேர்ந்த பிறகு வெள்ளைச் சீருடையும் சேர்ந்துகொண்டதால் குரலுக்கு இன்னும் அதிகாரம் கூடியது. அக்காவின் உடம்பில் எலும்பு மட்டும்தான் என்று நான் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது அது பெரிய நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. தீபாவளிக்கு அம்மாவும் அப்பாவும் வரவில்லை. மாமாவின் போனில் அம்மாவின் குரல் விட்டு விட்டு வந்து, பாதி வார்த்தையில் அறுந்துபோனது. நான் புதுப் பாவாடையைக் கட்டமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அக்கா சமாதானப்படுத்துவாள் என்று ஒரு எதிர்பார்ப்பு. "கட்டாட்டி மடிச்சு வையி. பொங்கலுக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு, என் தலையில் எண்ணெயை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

தீபாவளி முடிந்த கையோடு டீச்சர் எங்களுக்கு ஒரு புது இடம் கண்டுபிடித்திருந்தார். ஒரு நர்சிங் கல்லூரி. அங்கே மாணவிகள் ரப்பர் பொம்மையை வைத்துத்தான் படிக்கிறார்களாம். பொம்மைக்கு ஊசி போட்டால் அது பல்லைக் கடிக்காது. பயந்தால் கையைப் பிடிக்காது. ஆகவே நோயாளியாகப் படுத்து நடிக்க இரண்டு பிள்ளைகள் வேண்டும் என்று அங்கிருந்த மேடம் கேட்டிருந்தார். அது செய்முறைத் தேர்வு என்பதால் மாணவிகளுக்கு யார் வரப்போகிறார்கள் என்று தெரியக்கூடாது. வீட்டில் பெரியவர் ஒருவரிடம் மட்டும் சொல்லி அனுமதி வாங்க வேண்டும்.

டீச்சர் கல்லூரியின் பெயரைச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா படிக்கும் கல்லூரி. சொன்னால் வேடம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் மாமாவிடம் மட்டும் சொன்னேன். "ஒருத்தி ஊசி போடப் படிக்கா, இன்னொருத்தி ஊசி போட்டுக்கிடப் படிக்கா. நல்ல குடும்பம்லா" என்று சொல்லிவிட்டு மாமா அந்த ரகசியத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

என்னோடு தேர்வானவள் என் வகுப்புத் தோழி. அவளுக்கு மூட்டுவலிக் கிழவி வேடம். ஓயாமல் பேச வேண்டும். எனக்கு என் வயசுப் பெண் வேடமே. குடல்வாலில் கோளாறு, மறுநாள் காலை ஆபரேஷன், அம்மாவும் அப்பாவும் வெளியூரில் மாட்டிக்கொண்டார்கள். அவளுக்குப் பயம், ஆனால் சொல்லமாட்டாள். பள்ளிக்கு வந்திருந்த மேடம் இதை விளக்கிவிட்டு எனக்கு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். "நர்சுதான் ஒன்னையப் பேச வைக்கணும். பாவம்னு நெனச்சு நீயா வாயத் தெறந்துராத."

அதுவரை எல்லாம் உற்சாகமாகத்தான் இருந்தது. தேர்வுக்கு முந்தின நாள் பஸ்ஸில் அக்காவின் தோழி, எங்கள் தெருவிலிருந்து அவளோடு கல்லூரிக்குப் போகிறவள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அக்கா முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தோழி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "ஒங்க அக்காவுக்கு எல்லாம் தெரியும்ட்டி. பொம்மைன்னா அவளை அடிச்சிக்கிட ஆள் கெடையாது. ஆனா நோயாளிகிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேங்கா. வார்டுல ஒரு அம்மா, இந்தப் பிள்ளை மூஞ்சியப் பாத்தாலே பயமாருக்குன்னு சொல்லிட்டாங்க. நாளைக்குத் தேறலேன்னா அடுத்த வருசத்துக்கு விடமாட்டாங்களாம். வீட்டுல சொல்லிராத."

அக்கா ஒரு வருஷம் நின்றுவிட்டால் அப்பாவுக்கு யார் சொல்வது என்று யோசித்தேன். அக்காவுக்கு அந்தப் பேசுகிற கிழவி கிடைக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டு தூங்கினேன்.

சனிக்கிழமை காலையில் அக்கா வழக்கம்போல் எனக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு முன்னாலேயே போய்விட்டாள். நான் டீச்சரோடு பின்னால் போனேன். பச்சைத் துணித் திரை போட்ட கட்டிலில் என்னைப் படுக்க வைத்து மார்பு வரை போர்த்தினார்கள். கால்மாட்டில் ஒரு நாற்காலியில் மேடம் பேனாவோடு உட்கார்ந்தார். முதலில் வந்த மாணவி, "பயப்படாதீங்க, எல்லாம் சரியாயிரும்" என்று மனப்பாடச் செய்யுள் போல ஒப்பித்தாள். நான் தலையை ஆட்டினேன். அடுத்தவள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். இன்னொருத்தி என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டு வந்தாள். என் பிடிவாதத்துக்கு முன்னால் அவர்கள் திணறுவதைப் பார்க்க எனக்கு ராணியாகிவிட்டதுபோல இருந்தது.

அப்புறம் திரை விலகியது. அக்கா நின்றாள்.

திரையைப் பிடித்த கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். "என்னம்மா, ஆரம்பிக்கலாம்லா?" என்றார் மேடம். அக்கா திரையை மூடினாள். "ஆரம்பிக்கேன் மேடம்."

பக்கத்தில் வந்து என் பெயரைக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. "எங்கன வலிக்கி?" என்றாள். வயிற்றைக் காட்டினேன். காய்ச்சல் பார்த்தாள், தலையணையைச் சரிசெய்தாள். எல்லாம் கச்சிதமாக இருந்தது. அதற்கப்புறம் அவளிடம் வார்த்தை இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. மேடத்தின் பேனா எதையோ எழுதியது. எழுத ஆரம்பித்தால் மதிப்பெண் குறைகிறது என்று முன்னால் வந்தவர்களைப் பார்த்தே எனக்குத் தெரிந்திருந்தது.

பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது நர்ஸ் என்று நானே சொல்லிவிட்டால் அக்கா தேறிவிடுவாள். வாயைத் திறந்தேன். மேடத்துக்கு முதுகைக் காட்டி நின்ற அக்கா, மிக லேசாகத் தலையை அசைத்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் நான் ஏதாவது உளறப் போகும்போது செய்கிற அதே அசைவு. வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினாள். எண்ணி முடித்த பிறகும் கையை விடவில்லை.

"மலையில இப்பம் மழை" என்றாள்.

என் வேடத்தில் மலையே கிடையாது. நான் விழித்தேன்.

"மண்ணு சரிஞ்சா பஸ்ஸு எறங்காது. ஒங்க அம்மா வரக்கூடாதுன்னு இருந்திருக்கமாட்டா. கொடையப் பிடிச்சிக்கிட்டு பஸ்ஸு நிக்க எடத்துல போயி நின்னு பாத்திருப்பா. வரல்லன்னதும் வீட்டுக்குப் போயிருப்பா. மறுநாளும் வந்து நின்னுருப்பா. அவளுக்கு வேற என்ன செய்யத் தெரியும்?"

நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

"பயமா இருக்கா?"

வேடத்தில் சொன்னபடி இல்லையென்று தலையாட்டினேன்.

"எனக்கு இருந்துச்சு" என்றாள் அக்கா. வீட்டில் பேசுகிற குரல் இல்லை. இவ்வளவு மெதுவாக அவளால் பேச முடியும் என்பதே எனக்குப் புதிது. "மலையை விட்டு எறங்கி மொத மொத இந்த ஊருக்கு வந்தப்பம் ரோட்டைத் தாண்டக்கூடப் பயம். எங்கூட ஒரு சின்னப் பிள்ளை வேற. அது அழுதுக்கிட்டே இருந்துச்சு. நானும் சேந்து அழுதேன்னா அது யாரைப் பிடிச்சிக்கிடும்? அதனால அதை வெரட்டிக்கிட்டே இருந்தேன். அது தூங்கினப்புறம் அது கையப் பிடிச்சிக்கிட்டாத்தான் எனக்கு ஒறக்கம் வரும். அதுக்கு அது தெரியாது." என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "பயமா இருக்குன்னு சொன்னா ஒண்ணும் கொறஞ்சிராது. எங்கிட்ட சொல்லு."

என் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. "எனக்கு அம்மா வேணும்" என்றேன். அது யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்காத வசனம்.

அக்கா உள்ளங்கையால் என் முகத்தைத் துடைத்தாள். "வருவா. அவ வார வரைக்கும் நான் இருப்பேன். நாளைக்கு நீ கண்ணு முழிக்கும்போதும் நான் இங்கனதான் இருப்பேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "போதும்மா" என்றார். "ஒன்னையவா பேசமாட்டேங்கான்னு சொன்னாங்க?"

அக்கா எழுந்து நின்றாள். அப்படியே போயிருக்கலாம், போகவில்லை. "மேடம், இது எங்கூடப் பெறந்த தங்கச்சி. வருவான்னு எனக்குத் தெரியாது. வேற நோயாளி குடுத்தாலும் பாக்கேன்" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. மேடம் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, "அப்பம் அந்தக் கிழவியையும் பாத்துட்டு வா" என்றார். அக்கா போனாள். படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அக்காவின் குரல் தயங்கித் தயங்கி ஆரம்பித்து, பிறகு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அக்கா முழங்காலைப் பிடித்துவிட்ட சுகத்தில் தனக்குப் பாதி வசனம் மறந்துபோனது என்று என் தோழி அப்புறம் புகார் சொன்னாள்.

இரண்டிலும் அக்கா தேறினாள்.

எனக்கோ என் கண்ணீரைப் பற்றிய பெருமை தாங்கவில்லை. மேடையில் அழுகை வராவிட்டால் வெங்காயத்தை மோந்துகொள்ளலாம் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். வெங்காயம் இல்லாமலே அழுதுவிட்டேனே என்று டீச்சரிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். டீச்சர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "ஆமா, நல்லா அழுத" என்றார். கூடவே கொஞ்சம் பொறாமையும் எனக்கு இருந்தது. இப்படி ஒரு திறமையை வைத்துக்கொண்டு அக்கா இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

சாயங்காலம் அக்காவோடு ஒரே பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினேன். மழை விட்டிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அந்தச் சின்னப் பிள்ளை கதை நீயா யோசிச்சதா?"

"ம்."

"அங்கனயே தோணுச்சா?"

"அங்கனயேதான்."

ஒருவர் நடிப்பைப் பற்றிச் சொல்லும்போது முதலில் நல்லதைச் சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்ல வேண்டும் என்று டீச்சர் எங்களைப் பழக்கியிருந்தார். "கையப் பிடிச்சிக்கிட்டு தூங்குத எடம் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன். "ஆனா அந்தப் பிள்ளைக்கு ஒரு பேர் வச்சிருக்கலாம். பேர் இருந்தாத்தான் கேக்கவங்க நம்புவாங்க."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். என் யோசனையை எடை போடுகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்து, அதே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிட்டி" என்றாள். "அடுத்த தடவை வைக்கேன்."

தேறிய சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பேர் உண்டு என்றோ, அந்தப் பேரைச் சொல்லித்தான் அவள் தினமும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்றோ எனக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமை டீச்சரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டு வந்தேன்: எங்க அக்காவுக்கு நல்லா நடிக்க வரும் டீச்சர், கொஞ்சம் பழக்கிவிட்டா போதும்.